கடல் வயல்கள் – 7: செவுளில் வெள்ளைத் திட்டு

டாஸ்மேனியாவின் தென்கிழக்கே, ஹுவான் ஆறு கடலைச் சேரும் பகுதியில் பெரிய வட்டக் கூண்டுகள் மிதக்கின்றன. உள்ளே வளர்வது அட்லாண்டிக் சால்மன். பெயரே சொல்வதுபோல அது தென்கோளத்து மீன் அல்ல. 1960களில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து முட்டைகளாக ஆஸ்திரேலியாவுக்கு வந்து, நியூ சவுத் வேல்ஸ் பொரிப்பகத்தில் பெருகி, 1980களின் நடுவில் டாஸ்மேனியக் கடலில் இறக்கப்பட்டது. கூண்டு போட்ட வேகத்திலேயே நோயும் வந்துவிட்டது.

நன்றாகத் தின்று கொழுத்த மீன் திடீரென மந்தமாகும். நீர்மட்டத்துக்கு வந்து வேகவேகமாக மூச்சு வாங்கும். செவுள் மூடியைத் தூக்கினால், சிவப்பாக இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டுகளும் கொழகொழவென்று சளியும். ஒற்றைச் செல் உயிரான அமீபா அங்கே ஒட்டிக்கொண்டதன் விளைவு இது. எரிச்சலுக்கு ஆளான செவுள் தோல் தாறுமாறாகப் பெருகுகிறது. மெல்லிய இதழ்கள், மழையில் நனைந்த புத்தகத்தின் தாள்கள்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சுற்றியுள்ள நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறிச் சாகிறது.

குற்றவாளியைப் பிடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஆய்வகத்தில் எளிதாக வளர்ந்த வேறோர் அமீபாவின்மீதே பழி விழுந்திருந்தது. ஆனால் அப்படி வளர்த்ததை ஆரோக்கியமான மீனிடம் விட்டால் நோய் வரவில்லை. 2007இல் நீல் யங் உள்ளிட்ட டாஸ்மேனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயுற்ற செவுளிலிருந்தே நேரடியாக அமீபாக்களை எடுத்து ஆராய்ந்து புதிய இனம் ஒன்றைக் கண்டார்கள். நியோபரமீபா பெருரன்ஸ் என்று பெயரிட்டார்கள். பிலிப் கிராஸ்பியின் குழு அதை ஆய்வகத்தில் வளர்த்து, மீனுக்குத் தொற்றவைத்து, ஐயமின்றி நிரூபித்தது 2012இல். இந்த அமீபாவுக்குள் இன்னொரு நுண்ணுயிர் நிரந்தரமாகக் குடியிருக்கிறது என்பது தனியாக எழுதவேண்டிய வியப்பு.

பெயர் தெரியுமுன்பே மருந்து தெரிந்திருந்தது. நல்ல தண்ணீர்!

தார்ப்பாயால் பெரிய தொட்டிபோல அமைத்து நன்னீர் நிரப்பி, மீன்களைக் குழாய்வழி அதற்குள் மாற்றுகிறார்கள். ஆக்சிஜன் செலுத்தியபடி இரண்டு முதல் நான்கு மணி நேரம் குளியல். இன்று பெரிய பண்ணைகளில் தொட்டிகளுடன் கூடிய கப்பல்களே இதைச் செய்கின்றன. உப்புநீருக்குப் பழகிய அமீபாவால் நன்னீரைத் தாங்க முடிவதில்லை. சால்மனோ ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகும் மீன். இரண்டு நீரும் அதற்குப் பழக்கம். இந்த வைத்தியத்தைச் சாத்தியமாக்குவது அந்தப் பிறப்புதான். கடின நீரைவிட மென்னீர் நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் எல்லா அமீபாவும் சாவதில்லை. கூண்டுக்குத் திரும்பிய சில வாரங்களில் தொற்று மறுபடி தலைதூக்கும். கோடையில் இன்னும் சீக்கிரம். அறுவடைக்குள் ஒரே மீனுக்குப் பலமுறை குளியல் தேவைப்படுகிறது. ஒவ்வொரு முறையும் மீனுக்கு அலைச்சல், பண்ணைக்குச் செலவு. அதைவிட, கடல் நடுவே இவ்வளவு நன்னீர் எங்கிருந்து கிடைக்கும்? வறண்ட கோடையில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது.

நோய் டாஸ்மேனியாவோடு நிற்கவில்லை. 2006இல் நார்வேயில் தென்பட்டது. 2011-12இல் ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் கடுமையாகத் தாக்கியது. அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடு குளியலையும் கையாண்டார்கள். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் அந்த மருந்தே மீனைக் கொல்லக்கூடும். அமீபா செழிப்பதும் அந்த வெப்பத்தில்தான்.

நம்பிக்கை தருவது இனத்தேர்வு. டாஸ்மேனியாவில் மீனை மயக்கி, செவுளின் திட்டுகளைப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார்கள். திட்டு குறைவாக வரும் குடும்பங்களே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராகின்றன. இந்தத் தாங்கும் திறன் ஓரளவு மரபுவழி இறங்குவது உறுதியாகிவிட்டது. குளியல்களுக்கு இடையிலான நாட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவதே பண்ணைகளின் இப்போதைய இலக்கு.

(தொடரும்)