வடதிசைக் கானகம் – 9: துப்பாக்கியை இறக்கி வைத்தவர்கள்

சென்ற வாரம் அலாஸ்காவின் நாய்வண்டிக்காரர்களைப் பார்த்தோம். இந்த வாரம் ஒரு தந்தையும் மகனும். தந்தை ஆன்டி ரஸ்ஸல், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வாட்டர்ட்டன் ஏரிகளை ஒட்டிய மலைகளில் வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர். குதிரைகளில் கூடாரமும் மளிகையும் ஏற்றி, வாரக்கணக்கில் ஆளரவமற்ற பள்ளத்தாக்குகளில் அவர்களைக் கூட்டிப்போய், பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை. தொழில் சொல்லிக்கொடுத்தவர் பெர்ட் ரிக்கல். அவருடைய மகளையே ரஸ்ஸல் மணந்துகொண்டார். தொழிலும் கைக்கு வந்தது.

பிறகு எண்ணெய், எரிவாயு தேடி வந்தவர்கள் மலைக்குள் சாலை போட்டார்கள். ஜீப் ஏறும் இடத்தில் குதிரைக்காரருக்கு என்ன வேலை? தொழில் படுத்தது. ரஸ்ஸல் சினிமா கேமராவைக் கையில் எடுத்தார்.

1960களின் தொடக்கத்தில் மகன்கள் டிக், சார்லி இருவரையும் சேர்த்துக்கொண்டு கிரிஸ்லி கரடிகளைப் படமெடுக்கப் புறப்பட்டார். அன்றைய 16 மில்லிமீட்டர் கேமராவில் 100 அடிச் சுருள் மூன்று நிமிடம்கூட ஓடாது. கரடி பக்கத்தில் வந்து, நிதானமாக நின்றால்தான் காட்சி கிடைக்கும். அதுதான் நடக்கவில்லை. இவர்களைக் கண்டாலே கரடிகள் மிரண்டன. அலாஸ்காவின் அன்றைய மெக்கின்லி தேசியப் பூங்காவுக்குப் போனபோது நிலைமை மாறியது. அங்கே அப்போது துப்பாக்கிக்குத் தடை இருந்தது. வெறுங்கையோடு போனவர்களைக் கரடிகள் சகித்துக்கொண்டன. துப்பாக்கி தோளில் இருக்கும்போது மனிதனின் நடையிலேயே ஒரு மிதப்பு வந்துவிடுகிறது, கரடி அதைத்தான் கண்டுகொள்கிறது என்று ரஸ்ஸல்கள் முடிவுக்கு வந்தார்கள்.

வேட்டை வழிகாட்டி எதிர்க்காற்றில் பதுங்கிப் போவான். தன் வாசனை விலங்குக்கு எட்டக் கூடாது. கரடியைப் படமெடுக்க வழிகாட்டுபவனுக்கு இது அப்படியே தலைகீழ். மறைவில்லாத இடத்தில் நிற்க வேண்டும், தான் வந்திருப்பது கரடிக்கு முன்பே தெரிய வேண்டும். திடுக்கிட்ட கரடிதான் பாயும். காது பின்னால் மடிகிறதா, பல்லைக் கடிக்கும் சத்தம் வருகிறதா, வாயில் நுரை தள்ளுகிறதா என்பதைக் கேமராக்காரர் கவனிக்க முடியாது. அவர் கண் லென்ஸில் இருக்கும். பின்வாங்கலாம் என்று சொல்ல வேண்டியவர் பக்கத்தில் நிற்பவர்தான். இப்படி எடுத்த கிரிஸ்லிப் படத்தை ரஸ்ஸல் ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரையிட்டுப் பேசினார். 1967இல் ‘கிரிஸ்லி கன்ட்ரி’ புத்தகம் வந்தது.

அந்தப் பயணங்களில் இளைஞனாக இருந்த சார்லி, தந்தையைவிட வெகுதூரம் போனார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிரின்சஸ் ராயல் தீவில் வெள்ளை நிறத்தில் ஒருவகைக் கருங்கரடி உண்டு. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் அந்த நிறத்துக்கான மரபணு வந்தால் மட்டுமே ரோமம் வெளுக்கும். ஜெஃப் டர்னர், சூ டர்னர் தம்பதியர் அதைப் படமாக்கப் போனபோது உடன் போனவர் சார்லி. ஒரு வெள்ளைக் கரடி அவரிடம் தொட்டுப் பழகும் அளவுக்கு நெருங்கியது.

1996இல் ஓவியர் மொரீன் என்ஸுடன் ரஷ்யாவின் கம்சட்கா தீபகற்பத்துக்குப் போனார். கம்பல்னோயே ஏரிக்கரையில் ஒரு மரக்குடில், சுற்றிலும் மின்வேலி, போக்குவரத்துக்குச் சிறிய அல்ட்ராலைட் விமானம். மறு வருடம் மிருகக்காட்சிசாலையிலிருந்து தாயில்லாத மூன்று குட்டிகளை வாங்கி வந்து வளர்த்தார்கள்: சிக்கோ, பிஸ்கெட், ரோஸி. குட்டிகளோடு சேர்ந்தே மேய்ச்சலுக்கு நடந்தார்கள். மெல்ல மெல்ல அவை தாமாகவே மீன் பிடிக்கக் கற்றன. கரடிகளைக் காக்க நிதி திரட்டி ரோந்துக் காவலர்களையும் அமர்த்தினார்கள்.

2003 வசந்தத்தில் சார்லி திரும்பி வந்தபோது பழகிய கரடிகள் ஒன்றுகூட இல்லை. குடிலின் சமையலறைச் சுவரில் ஒரு கரடியின் பித்தப்பை ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. கரடிப் பித்தத்துக்குக் கிழக்காசிய மருந்துச் சந்தையில் நல்ல விலை.

மனிதனிடம் அச்சம் விட்டுப்போன கரடி, துப்பாக்கியோடு வருபவனைக் கண்டும் விலகாது அல்லவா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. அதே 2003 அக்டோபரில் அலாஸ்காவின் கட்மாயில், கரடிகளுக்கு நடுவே வாழ்ந்து படமெடுத்த டிமதி டிரெட்வெல்லும் அவருடைய தோழியும் கரடிக்குப் பலியானார்கள். ஆனால் சார்லியையும் டிரெட்வெல்லையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். டிரெட்வெல் மின்வேலியையும் மிளகுத் தெளிப்பானையும் ஒதுக்கியவர். சார்லி இரண்டையும் விடாமல் பயன்படுத்தியவர். அவருடைய நெருக்கம் தலைமுறை கடந்து வந்த தொழிலறிவு.

பழகிய கரடிகளை இழந்த பிறகும் சார்லி கம்சட்காவுக்குப் போய் அநாதைக் குட்டிகளை வளர்த்தார். டர்னர் தம்பதியர் எடுத்து 2006இல் வெளியான ‘தி எட்ஜ் ஆஃப் ஈடன்’ படத்தில் அதைப் பார்க்கலாம். தந்தை 2005இலும் மகன் 2018இலும் காலமானார்கள். படக்குழு மூட்டை கட்டிய பின் அந்த விலங்குகளை யார் காப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காத இடத்தில் கேமராவை வைக்கவே கூடாது என்பது என் முடிவு. வாசகர்கள் மாறுபட்டால் எழுதுங்கள்.

(தொடரும்)