உட்காரச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, என் அணியில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, எதிரே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் நன்னிலத்துக்காரியின் வணக்கம். ஒரு வணக்கத்துல எத்தனை 'உட்கார்ந்திருக்கும்' வந்துச்சு பார்த்தீங்களா? இந்த நிமிஷம் இந்த அரங்கத்துல நிக்கிறது நான் ஒருத்திதான். எனக்கு இது புதுசு இல்லீங்க. நாலு வருஷம் நின்னே சம்பாதிச்சவ நான். (சிரிப்பு)

வேலை செய்யிற இடத்துல மனுஷனுக்கு நிம்மதி கொடுக்கிறது கை நிறையச் சம்பளமா, மரியாதையான நடத்தையா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாடி பேசின அண்ணன், "மரியாதையை உலையில போட்டுச் சோறாக்க முடியுமா?"ன்னு கேட்டாரு. கைதட்டலும் வாங்கினாரு. நியாயமான கேள்விதான். சம்பளம் வேணாம்னு சொல்ற அளவுக்கு நான் வசதியானவ இல்லை. ஆனா அண்ணே, அந்தச் சோத்தை உட்கார்ந்து சாப்பிடவாவது பத்து நிமிஷம் கொடுக்கணுமா இல்லையா? (கைதட்டல்)

எங்க ஊர்ப்பக்கம் நடவும் அறுப்பும்தான் பொம்பளைங்களுக்கு வேலை. அறுக்க மெஷின் வந்தாச்சு, நடவுக்கும் மெஷின் வந்தாச்சு. மேட்டூர்ல தண்ணி திறந்தாக் குறுவை, இல்லேன்னா சம்பா ஒண்ணுதான்னு ஆன பிறகு, பன்னண்டாவது படிச்ச பொண்ணுங்க கும்பகோணம், திருவாரூர், சென்னைன்னு ஜவுளிக்கடைக்குப் போக ஆரம்பிச்சாங்க. அதுல நானும் ஒருத்தி. 2007-ல சென்னையில ஒரு பெரிய ஜவுளிக்கடை. பேர் வேணாம். காலையில பத்து மணிக்கு ஏறினா ராத்திரி பத்து மணிக்கு இறங்கணும். ஏ.சி. உண்டு, விளக்கு வெளிச்சம் உண்டு, வர்றவங்க உட்கார மெத்தை வச்ச நாற்காலியும் உண்டு. எங்களுக்கு மட்டும் முக்காலிகூடக் கிடையாது. உட்கார்ந்ததைச் சூப்பர்வைசர் பார்த்துட்டா சம்பளத்துல பத்து ரூபா பிடிப்பாரு.

அதுக்கு நாங்க ஒரு வழி கண்டுபிடிச்சோம். கீழ்த்தட்டுல இருக்கிற புடவையை அடுக்கற மாதிரி முட்டி போட்டுக்குவோம். ரெண்டு நிமிஷம் காலுக்கு ஓய்வு. எங்க செக்‌ஷன்ல கீழ்த்தட்டு மட்டும் எப்பவும் அழகா அடுக்கியிருக்கும். (சிரிப்பு) மேலே தட்டு எப்படியோ போகட்டும்!

இன்னொண்ணையும் தாய்மார்கள் முன்னால சொல்லித்தான் ஆகணும். பாத்ரூம் போகணும்னா கேட்டுட்டுப் போகணும். எத்தனை தடவை கேக்கிறது? அதனால காலையிலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டோம். ஏ.சி.யில தாகம் தெரியாதுன்னு ஒருத்திக்கொருத்தி சமாதானம் சொல்லிக்குவோம். நீர்க்கடுப்பு வந்து மாசாமாசம் யாராவது ஒருத்தி ஊருக்குப் போவா.

ஒரு தீபாவளி முடிஞ்சு ஊருக்கு வந்தப்போ கால் வீங்கியிருந்ததைப் பார்த்து எங்கம்மா கேட்டாங்க: "ஏன்டி, அங்க கரையேறவே விடமாட்டாங்களா?"

நடுவர் ஐயாவுக்கு எங்க ஊர் பாஷை தெரிஞ்சிருக்கும். கரையேறுறதுன்னா வயல்லேர்ந்து வரப்புக்கு வர்றது. நாத்து நடுற பொம்பளைங்க குனிஞ்ச முதுகோட சேத்துல நிப்பாங்க. கொடுமையான வேலை, நான் இல்லேங்கல. ஆனா கஞ்சி நேரம் வந்தா கரையேறுவாங்க. வரப்புல உட்காருவாங்க. ஒரு வாய் வெத்தலை போடுவாங்க. அதை யாரும் கேக்க முடியாது.

அந்த உரிமையும் சும்மா வந்துடலீங்க. எங்க தாத்தா பண்ணையாளா இருந்தவர். பழைய தஞ்சை ஜில்லாவுல பண்ணையாளைச் சாட்டையால அடிக்கிறதும், சாணியைக் கரைச்சுக் குடிக்க வைக்கிறதும் நடந்தது. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் ஊர் ஊரா வந்து சங்கம் வச்ச பிறகுதான் அதுக்கு எதிர்ப்புக் கிளம்புச்சு. 1952-ல் ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்போ தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைச்ச நேரத்துல வெளியேத்த முடியாதுன்னு எழுதினாங்க. சேத்துல நின்ன எங்க வம்சத்துக்கு அப்படிக் கிடைச்ச வரப்பு, டைல்ஸ் போட்ட கடையில நின்ன எனக்குக் கிடைக்கல. (கைதட்டல்)

நிக்கிறதுல அப்படி என்ன கெடுதின்னு கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. நடந்தா கால் கெடாது. அசையாம நின்னாத்தான் கெடும். நாம நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரியுது. அது பம்புசெட்டு மாதிரி காலுக்கு வந்த ரத்தத்தை மேலே தள்ளுது. ஒரே இடத்துல நின்னா பம்பு ஓடாது, ரத்தம் காலிலேயே தேங்கும். கணுக்கால் வீங்கும். வருஷக்கணக்கா இப்படியே போனா நரம்பு புடைச்சு முறுக்கிக்கும். வெரிகோஸ் வெயின்னு டாக்டர் சொல்றாரே, அதுதான்.

இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம்னு நினைக்காதீங்க. இங்கிலாந்துல 1899-லேயே, கடையில வேலை செய்யிற பெண்கள் மூணு பேருக்கு ஒரு ஆசனமாவது போடணும்னு சட்டம் போட்டாங்க. நம்ம நாட்டுல 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்றது. அது தொழிற்சாலைக்கு மட்டும். கடைக்காரப் பொண்ணை யாரும் நினைக்கல.

நினைச்சது கேரளத்துல. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல தையல் வேலை பார்த்த விஜி என்கிற அம்மா, 'பெண்கூட்டு'ன்னு ஒரு அமைப்பை நடத்தினாங்க. முதல்ல கேட்டது கழிப்பறை. அப்புறம் கேட்டது உட்காரும் உரிமை. திருச்சூர்ல 2014 கடைசியில ஜவுளிக்கடைப் பெண்கள் ஆரம்பிச்ச போராட்டம் நூறு நாளைத் தாண்டிப் போச்சு. நம்ம வசந்தபாலன் 2010-ல் 'அங்காடித் தெரு' படம் எடுத்தாரு, பார்த்து அழுதோம், மறுநாள் அதே தெருவுக்குப் போய்த் துணி எடுத்தோம். கேரளத்துக்காரங்க 2018-ல் சட்டத்தைத் திருத்தினாங்க. தமிழ்நாட்டுல 2021 செப்டம்பர் 6-ஆம் தேதி சட்டமன்றத்துல மசோதா வந்து, 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதுதான் அதன் சாரம். 1948-க்கும் 2021-க்கும் கணக்குப் போடுங்க. ஒரு ஸ்டூல், தொழிற்சாலையிலேர்ந்து கடைக்கு நடந்து வர எழுபத்து மூணு வருஷம்! (கைதட்டல்)

எதிரணி அம்மா சொன்னாங்க: "வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தா சோம்பேறின்னு நினைப்பாங்க." ஏம்மா, பேங்குல பணம் எண்றவர் உட்கார்ந்துதானே எண்றாரு? டாக்டர் உட்கார்ந்துதானே நாடி பிடிக்கிறாரு? அவங்களைச் சோம்பேறின்னா சொல்றோம்? வாடிக்கையாளர் வந்தா எழுந்து நிக்கப் போறோம். ஆளில்லாத மத்தியானம் மூணு மணிக்கு யாருக்கு மரியாதை காட்ட நிக்கணும்?

இதுவரைக்கும் நல்லாப் பேசிட்டேன். இனிமே சொல்லப்போறதுதான் எனக்குக் கஷ்டம்.

நான் ஊருக்குத் திரும்பி, கல்யாணம் ஆகி, இப்போ நன்னிலம் கடைத்தெருவுல சின்னதா ரெடிமேட் துணியும் பேன்சி சாமானும் வச்சிருக்கேன். ரெண்டு பொண்ணுங்க வேலைக்கு இருக்காங்க. போன வருஷம் தை மாசம், சம்பா அறுவடை முடிஞ்ச கூட்டம். ஒரு பொண்ணு அட்டைப்பெட்டி மேல உட்கார்ந்துட்டா. நான் ஒண்ணுமே சொல்லலீங்க. ஒரு பார்வை பார்த்தேன், அவ்வளவுதான். சட்டுன்னு எழுந்தா. அப்புறம் கீழ்த்தட்டுக்கிட்ட போய் முட்டி போட்டுக்கிட்டுத் துணி அடுக்க ஆரம்பிச்சா.

(அரங்கத்தில் அமைதி)

எனக்கு வயித்துல சுரீர்னுச்சு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. எந்தச் சூப்பர்வைசரை நாலு வருஷம் திட்டினேனோ, அந்த ஆளு என் கண்ணுக்குள்ளேயே குடியிருந்திருக்காரு. அவரை வெளியேத்த ஒரு சட்டமும் வராது.

அதனால சின்ன முதலாளிமாருக்கு, என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். ஸ்டூல் வாங்கிப் போட்டா மட்டும் போதாது. போட்ட நாலு நாளும் அந்தப் பொண்ணுங்க அதுல உட்காரவே இல்லை. நான் "உட்காரும்மா"ன்னு சொன்னாலும் சிரிச்சுட்டு நின்னாங்க. அப்புறம்தான் புத்தி வந்துச்சு. முதலாளி சொல்லி உட்காருறதும் ஒரு வேலை மாதிரிதானே? அதனால நேரத்தை முறை வச்சு எழுதி ஒட்டினேன். மூணு மணிக்கு நீ, மூன்றரைக்கு அவ, நாலு மணிக்கு நான். யாரும் யாரையும் கேக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு முழுசா ஒரு மணி நேரம். நாலு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கினா நடுவுல ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்கணும்கிறது அதே 1947 சட்டத்துலேயே இருக்கு. எனக்கு வேலை கொடுத்தவங்களும் சொல்லல, நானும் கடை வச்சு ரொம்ப நாள் கழிச்சுத்தான் படிச்சேன். தப்பு செஞ்சா வாடிக்கையாளர் முன்னால திட்டுறதில்லை, கடை சாத்தின பிறகுதான். வாரத்துல எந்த நாள் லீவுன்னு முன்கூட்டியே சொல்லிடறேன். பாத்ரூம் சாவியை ஆணியில மாட்டிட்டேன். இந்தச் சாவி விஷயம் உங்களுக்குச் சின்னதாத் தெரியும். அந்தப் பொண்ணு இப்போ தண்ணி பாட்டில் எடுத்துட்டு வர்றா. அதுவரைக்கும் அவ பாட்டிலே கொண்டு வந்ததில்லைங்கிறதை நான் கவனிச்சதே இல்லை.

வேலைக்குப் போற பிள்ளைங்களுக்கும் ரெண்டு வார்த்தை. லீவு வேணும்னா மொத நாளே சொல்லுங்க. மறுநாள் காலையில பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட சொல்லி அனுப்பாதீங்க, எனக்கு வியாபாரம் படுத்துடுது. (சிரிப்பு) சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எதுக்குன்னு மாசாமாசம் ஒரு நோட்டுல எழுதி வைங்க. கால் வலிச்சா வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. நாலு பேர் சேர்ந்து சொன்னா இன்னும் நல்லது. பெண்கூட்டுல நடந்தது அதுதான்.

வருமானம் குறைஞ்சுதான்னு எதிரணி அண்ணன் கேப்பாரு. குறையலைங்க. கூடிடுச்சுன்னும் பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு பொண்ணுங்களும் என்கிட்டேயே இருக்காங்க, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நடுவர் ஐயா மணியடிச்சுட்டாங்க. முடிச்சுக்கிறேன். எங்கம்மாவுக்கு இப்போ அறுபத்தெட்டு வயசு. சாயங்காலம் கோயிலுக்குப் போறப்போ கடைக்கு வருவாங்க. ஸ்டூலைக் காட்டி "உட்காரும்மா"ன்னா, "வியாபார எடத்துல எனக்கு என்னடி ஆசனம்"னு வாசப்படியிலேயே நிக்கிறாங்க. பெத்த பொண்ணோட கடைதான். இன்னும் உட்காரலை. போன வாரம் அந்த வேலைக்காரப் பொண்ணு ஓடிப்போய் ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து வாசல்லேயே போட்டா. அம்மா அதுமேல கூடையை வச்சுட்டு, பக்கத்துல நின்னுக்கிட்டு அவகிட்ட கதை பேசிட்டிருந்தாங்க. (கைதட்டல்)