பாகலூரில் இருந்தே தமிழ் மென்பொருளுக்குப் பங்களிக்கலாமா? 'ஓப்பன்-தமிழ்' செயல்படுவது எப்படி?

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூணுன்னு குழந்தைகூட சொல்லிடும். ஆனால் பைத்தான் நிரல்மொழி 5 என்று எண்ணும். யூனிகோடில் 'மி' என்பது ம, இகரக் குறி என இரண்டு; 'ழ்' என்பது ழ, புள்ளி என இரண்டு.

இதை ஒவ்வொருத்தரும் தனித்தனியாகத் தீர்த்துக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. அதற்குத்தான் 'ஓப்பன்-தமிழ்'. 'எழில்' நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் தன்னார்வலர்களும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் வைத்துள்ள நிரல் தொகுப்பு இது. எம்ஐடி உரிமம் என்பதால் யாரும் இலவசமாக எடுத்து மாற்றலாம்.

எப்படிச் சேர்வது?

ஓசூர் பக்கத்து பாகலூரில் இருக்கும் மாணவர் இதற்காக பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டாம். நிரலை 'ஃபோர்க்' செய்து, அதாவது தன் கணக்கில் நகலெடுத்து, திருத்தி, 'புல் ரிக்வெஸ்ட்' அனுப்பினால் போதும். பராமரிப்பவர் பார்த்து, சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்.

சிக்கல் எங்கே?

பொதுவில் வைத்ததுமே கூட்டம் வந்துவிடாது. புதியவர் அனுப்பிய முதல் திருத்தத்துக்கு வாரக்கணக்கில் பதில் இல்லையென்றால் அவர் மறுபடி எட்டிப் பார்க்க மாட்டார். பராமரிப்பதும் சம்பளமில்லாத வேலைதான். ஒருவரே சுமந்தால், அவர் ஓய்ந்ததும் தொகுப்பும் நின்றுபோகும். அதனால்தான் பல திட்டங்களில் புதியவர்களுக்கான சின்னச் சின்ன வேலைகளைத் தனியாகக் குறித்து வைக்கிறார்கள். விளக்கக் குறிப்பில் பிழை திருத்துவதும் அதில் ஒன்று; அதுக்கு கோடிங் தெரியணும்னு இல்ல.