இடைகழியில் நான்காமவர்

வகுப்பறையில் அமர்ந்தபடியே மாணவரைத் தொலைவிலுள்ள தலங்களுக்கு அழைத்துச் செல்கிறது மெய்நிகர் காட்சி. 2014-இல் கூகுள் வெளியிட்ட எளிய அட்டைக் கருவியே போதும்: கைப்பேசி காட்டும் இரு படங்களையும் இரு வில்லைகள் வழியே கண்கள் ஒன்றாகக் காணும்.

கல்வராயன் மலைச் சிறாருக்கு, அவர்தம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே உள்ள திருக்கோவிலூரின் கோபுரத்தையும் பிராகாரத்தையும் இவ்வாறு காட்டலாம். உலகளந்த பெருமாள் திருவடி உயர்த்தி நிற்கும் கருவறையிலோ படமெடுக்கும் வழக்கமில்லை.

அத்தலத்தில்தான், மழையிரவில் சிற்றிடைகழியில் ஒதுங்கிநின்ற முதலாழ்வார் மூவரும், நான்காமவராக வந்த பெருமாளைக் காணுமுன்னே நெருக்கத்தால் உணர்ந்தனர். அவ்வுணர்வு எக்கருவிக்கும் எட்டாது. ஆகவே ஆசிரியப் பெருமக்களே, காட்சியால் ஆவலை வளர்த்தபின், குழந்தைகளை ஒருநாள் அச்சந்நிதிக்கே அழைத்துச் செல்லுங்கள்.