சதுரங்க எண் கற்பிக்கும் தர்க்கப் பாடம்

சதுரங்கத்தை உருவாக்கிய ஸிஸ்ஸா இப்னு தாஹிர் என்னும் இந்திய அறிஞர், முதல் கட்டத்திற்கு ஒரு கோதுமை மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தருமாறு மன்னரிடம் வேண்டினார் என்பது பழங்கதை. இதனைத் தமது 'வஃபயாத்துல் அஃயான்' நூலில் பதிவு செய்த இப்னு கல்லிகான் (மறைவு 1282), அரசின் களஞ்சியம் முழுவதும் அதற்குப் போதாது என்ற கூற்றை முதலில் ஐயுற்றார். அலெக்சாந்திரியாவின் கணக்கர் ஒருவர் வழிமுறையை விளக்கிய பின்னரே தெளிவடைந்ததாக அவரே கூறுகிறார்.

அந்த எண் 1,84,46,74,40,73,70,95,51,615 ஆகும். ஏறத்தாழ கி.பி. 1000இல் எழுதிய 'அல் ஆதாருல் பாக்கியா' நூலில் அறிஞர் அல்பிரூனி இதனைக் கணித்துள்ளார். 64 தொகைகளையும் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. 2ஐ அதனாலேயே பெருக்கினால் 4. அவ்வாறே தொடர்ந்தால் 16, 256, 65,536, 4,29,49,67,296. இன்னும் ஒருமுறை பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் மொத்தத் தொகை கிடைத்துவிடும்.

வியப்பு இதற்கு மேல்தான் உள்ளது. 2, 4, 16, 256, 65,536, 4,29,49,67,296 ஆகிய இந்த ஆறு எண்களுடனும் ஒவ்வொன்றைக் கூட்டுவோம். 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 என வரும். இவ்வாறையும் ஒன்றோடொன்று பெருக்கினால் கிடைப்பது அதே சதுரங்க எண்!

இவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்கள். இந்த ஒழுங்கைக் கண்ட பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா, 17ஆம் நூற்றாண்டில், இவ்வரிசையில் வருவன அனைத்தும் பகா எண்களே எனக் கருதினார். 1732இல் ஆய்லர், ஆறாவது எண் 641ஆல் மீதமின்றி வகுபடுவதைக் காட்டினார், ஈவு 67,00,417. பெர்மாவின் கருத்து அத்துடன் வீழ்ந்தது. அவ்வரிசையில் வேறொரு பகா எண் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

நமது மத்ரஸாக்களின் மன்திக் பாடத்தில் இதற்கு 'இஸ்திக்ராஉன் நாகிஸ்' என்று பெயர். சிலவற்றை மட்டும் ஆராய்ந்து அனைத்திற்கும் விதி கூறுவது அது. அதனால் ளன்னு (ஊகம்) மட்டுமே கிட்டும், யகீன் (உறுதி) கிட்டாது. மெல்லும்போது எல்லா உயிர்களும் கீழ்த்தாடையையே அசைக்கின்றன என்ற விதியை முதலை முறியடிப்பதாக நூல்கள் எடுத்துக்காட்டும். முதலை மேல்தாடையை அசைக்கிறது என்ற அம்முன்னோர் கருத்தை இன்றைய விலங்கியல் ஏற்பதில்லை. 641இன் சான்றோ மாறாதது. தாளும் எழுதுகோலும் இருந்தால் மாணவரே சரிபார்த்துக்கொள்ளலாம்.

சில இடங்களில் எண்கள் ஒத்துவருவதைக் கண்டதும் அதையே மார்க்க ஆதாரமாக மேடையில் முழங்குவோர் இந்த வரிசையை ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது. ஐந்து முறை பொருந்திய விதியொன்று ஆறாவதில் தவறிவிட்டது. தவறும் விதியை ஆதாரமாக நிறுத்தினால், அது வீழும்போது கேட்டவரின் நம்பிக்கைக்கும் ஊறு நேரும்.