கட்டலோனியாவுக்குக் குடும்பச் சுற்றுலா: ஊரைவிடப் பருவம் முக்கியம்

ஐரோப்பியச் சுற்றுலா என்றதும் பல குடும்பங்கள் பார்க்க வேண்டிய கட்டடங்களைத்தான் முதலில் பட்டியலிடுகின்றன. ஸ்பெயினின் வடகிழக்கில் உள்ள கட்டலோனியாவுக்குப் போவோரும் இதற்கு விதிவிலக்கல்லர். பார்சலோனாவில் நான்கு நாள், சக்ராடா ஃபமிலியா தேவாலயம், காற்பந்து அரங்கம், கடைத்தெரு என்று பயணம் முடிந்துவிடுகிறது. செலவழித்த பணத்துக்குப் பிள்ளைகளின் மனத்தில் தங்குவது நீண்ட வரிசைகள் மட்டுமே.

ஆனால் கட்டலோனியா என்பது பார்சலோனா மட்டுமன்று. பைரனீஸ் மலை, எரிமலை நிலம், மத்தியதரைக் கடற்கரை, எப்ரோ ஆற்றின் கழிமுகம் ஆகிய நான்கும் சுமார் 32,000 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கியிருக்கும் வட்டாரம் அது. ஒவ்வொரு நிலத்துக்கும் தனிச் சமையல் உண்டு. அந்தச் சமையலும் பருவத்துக்குப் பருவம் மாறும்.

ஆகவே, உணவும் இயற்கையும் முக்கியம் என்று கருதும் குடும்பம் "எங்கே போவது?" என்று தொடங்கக்கூடாது. "எந்த மாதம் போகிறோம்? அந்த மாதத்தில் அங்குள்ள மண் எதைத் தருகிறது?" என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எந்த விடுமுறைக்கு எந்த வட்டாரம்?

சிங்கப்பூர்ப் பள்ளிகளின் மார்ச் விடுமுறை ஒரு வாரம்தான். அப்போது செல்வோருக்கு தாரகோனா மாநிலத்தின் வால்ஸ் நகரம் பொருத்தமானது. அங்கே அது 'கல்சொட்' என்னும் நீண்ட வெங்காயத்தின் பருவம். திராட்சைக் கொடியின் காய்ந்த குச்சிகளை எரித்து, அந்தத் தீயில் வெங்காயத்தைக் கருகச் சுடுவார்கள். கருகிய மேல்தோலை உரித்து, பாதாம், தக்காளி, பூண்டு, மிளகாய் சேர்த்து அரைத்த குழம்பில் தோய்த்து, அண்ணாந்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கை கறுத்துப்போகும், பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. பருப்பு வகை ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் அந்தக் குழம்பைத் தவிர்க்க வேண்டும்.

ஜூன் விடுமுறைக்கு எப்ரோ கழிமுகம் ஏற்றது. சுமார் 320 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தச் சமவெளியில் நெல் வயல்கள் தண்ணீர் நிறைந்து பச்சைப் பசேலென்று இருக்கும் காலம் அது. பூநாரை எனப்படும் ஃபிளமிங்கோ பறவைகளையும் காணலாம். நிலம் மேடுபள்ளம் இல்லாதது; தாத்தா பாட்டியும் சிரமமின்றி நடக்கலாம், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டலாம். அங்கே விளையும் அரிசியில் சமைத்த கடல் உணவுச் சோறு பெயர்பெற்றது. கொசு அதிகம் என்பதால் மருந்து கைவசம் இருக்கட்டும்.

ஆண்டு இறுதி விடுமுறைக்கு ஒலோட் நகரைச் சுற்றியுள்ள கரோச்சா எரிமலைப் பூங்காவைத் தேர்ந்தெடுக்கலாம். ஏறத்தாழ 40 எரிமலைக் கூம்புகள் அங்குள்ளன. சாந்தா மார்கரிடா எரிமலையின் வாய்க்குள் இப்போது புல்வெளியும் சிறு தேவாலயமும் இருக்கின்றன. எரிமலை மண்ணில் விளையும் சாந்தா பாவ் வெள்ளை அவரை, குளிருக்கு இதமான உணவு. லெய்டா மாநிலத்தில் அப்போதுதான் ஒலிவக் காய்களைப் பறித்துப் புது எண்ணெய் பிழிவார்கள். டிசம்பர் 25, 26 இரு நாளும் கடைகள் மூடியிருக்கும் என்பதை முன்கூட்டியே கருத்தில் கொள்ள வேண்டும்.

சாப்பாட்டு நேரமும் பன்றி இறைச்சியும்

அங்கே மதிய உணவு இரண்டு மணிக்கு, இரவு உணவு ஒன்பது மணிக்கு. ஏழு மணிக்கே பசிக்கும் பிள்ளைகளுடன் சென்றால் திறந்திருக்கும் உணவகத்தைத் தேடி அலைய நேரிடும். மதியம் வயிறாரச் சாப்பிடுவதே இதற்கு வழி. வார நாள்களில் பல உணவகங்கள் முதல் உணவு, முக்கிய உணவு, இனிப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒரே விலைக்குத் தருகின்றன. இரவு உணவைத் தங்கும் வீட்டிலேயே எளிதாகச் சமைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, கட்டலோனியச் சமையலில் பன்றி இறைச்சி எங்கும் கலந்திருக்கும். அவரைக்கும் கீரைக்கும்கூடப் பன்றித் துண்டுகள் சேர்ப்பதுண்டு. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் பன்றித் தொடை இறைச்சியோ சூரை மீனோ வந்துவிடலாம். எனவே "சென்ஸ போர்க்" என்றால் பன்றி இல்லாமல், "சென்ஸ கார்ன்" என்றால் இறைச்சி இல்லாமல், "சென்ஸ பேஷ்" என்றால் மீன் இல்லாமல் என்று இந்த மூன்று சொற்களையும் தெரிந்துகொள்வது நல்லது. சைவர்களுக்குத் தக்காளி தேய்த்த ரொட்டியும், கத்திரிக்காய், குடைமிளகாய், வெங்காயத்தைச் சுட்டுச் செய்யும் 'எஸ்கலிவாடா'வும் எளிதில் கிடைக்கும்.

தங்குமிடமும் போக்குவரத்தும்

ஒரு வாரப் பயணத்தில் இரண்டு இடங்களுக்கு மேல் தங்காதிருப்பது நல்லது. மூன்று நாள் பார்சலோனா, நான்கு நாள் கிராமத்துப் பண்ணை வீடு என்று பிரித்துக்கொள்ளலாம். பார்சலோனாவிலிருந்து மொன்செராட் மலைக்கு ரயிலிலேயே ஒரு நாளில் போய்வரலாம். கரோச்சாவுக்கு ரயில் இல்லை. கழிமுகத்திலும் வயல்வெளிகளைச் சுற்றிப் பார்க்கக் கார் தேவைப்படும். அங்கே வாகனங்கள் சாலையின் வலப்புறம் ஓடும். நெடும்பயணக் களைப்போடு முதல் நாளே ஸ்டியரிங்கைப் பிடிப்பது ஆபத்து.

விருந்தாளியின் பொறுப்பு

கட்டலோனியா 2021 முதல் கடும் வறட்சியைச் சந்தித்தது. 2024 பிப்ரவரியில் பார்சலோனா வட்டாரத்தில் தண்ணீர் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. பிறகு மழை பெய்து நிலைமை சீரானாலும், அணைகள் வற்றியதை மக்கள் மறந்துவிடவில்லை. வீட்டு வாடகை உயர்வால் சுற்றுப்பயணிகள் மீது மனக்குறையும் வளர்ந்துள்ளது. பார்சலோனாவில் சுற்றுப்பயணிகளுக்கான அடுக்குமாடி வீட்டு உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக நகராட்சி அறிவித்திருக்கிறது.

எப்ரோ கழிமுகத்தின் கவலை இன்னும் பெரிது. ஆற்றின் மேற்பகுதியில் கட்டிய அணைகள் வண்டல் மண்ணைத் தடுத்துவிடுவதால், கடல் அரிக்கும் நிலத்தை ஆறு மீண்டும் நிரப்புவதில்லை. 2020 ஜனவரியில் வீசிய குளோரியா புயலின்போது கடல்நீர் வயல்களுக்குள் வெகுதூரம் புகுந்தது. இன்று பிள்ளைகள் காணும் நெல்வயலை அவர்களின் பிள்ளைகளும் காண்பார்களா என்பது உறுதியில்லை.

அந்த மண்ணில் விளைந்ததை, விளைந்த பருவத்தில், விளைவித்தவரின் ஊரிலேயே சாப்பிடும் குடும்பம் செலவிடும் பணம், நிலத்தைக் காப்பவர் கைக்கு நேரே போய்ச் சேர்கிறது. சோறு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளும் கண்ணால் கண்டு அறிகிறார்கள். அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடுவோர் விமானச் சீட்டை வாங்கும் முன் நாள்காட்டியைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.