மின்சார ஏலமும் ஒரே விலை முறையும்

சரக்குகளை ஏலத்தில் விற்கும் வழக்கம் மிகப் பழமையானது. எனினும், ஏல விதிகளை எவ்வாறு வகுத்தால் பொருள் உரியவரிடம் உரிய விலையில் சேரும் என்பது சென்ற நூற்றாண்டில்தான் விஞ்ஞான முறையில் ஆராயப்பட்டது. 1961-ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சிக்கு அடிகோலிய வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1996-இல் நோபெல் பரிசு பெற்றார். ஏல விதிகளின் முக்கியத்துவத்தை விளக்க நம் நாட்டின் மின்சாரச் சந்தை ஏற்ற உதாரணமாகும்.

நம் நாட்டில் மின்சாரத்தின் பெரும்பகுதி நீண்டகால ஒப்பந்தங்களின்படியே வாங்கப்படுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி, 2008-இல் தோன்றிய மின்சாரப் பரிவர்த்தனை நிலையங்களில் ஏலத்திற்கு வருகிறது. மறுநாளைய 24 மணி நேரம், பதினைந்து நிமிடங்கள் கொண்ட 96 கூறுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கூறுக்கும் விற்போர் தாம் ஏற்கக்கூடிய குறைந்த விலையையும், வாங்குவோர் தாம் தரக்கூடிய உயர்ந்த விலையையும் பிறர் அறியாவண்ணம் தெரிவிப்பர். விற்போர் விலைகள் ஏறுவரிசையிலும், வாங்குவோர் விலைகள் இறங்குவரிசையிலும் அமைக்கப்படும். இரு வரிசைகளும் சந்திக்கும் இடத்து விலையே அனைவருக்கும் உரிய விலையாகும்.

மூன்று மின் நிலையங்கள் தலைக்கு 100 மெகாவாட் மின்சாரத்தை, யூனிட் ஒன்றுக்கு முறையே 2, 3, 5 ரூபாய் விலையில் விற்க முன்வருவதாகவும், தேவை 250 மெகாவாட் எனவும் கொள்வோம். மூன்றாம் நிலையமும் தேவைப்படுவதால் மூன்றுக்கும் 5 ரூபாயே கிடைக்கும்.

2 ரூபாய் கேட்டவருக்கு 5 ரூபாய் அளிப்பானேன் என்று வினவலாம். அவரவர் கேட்ட விலையையே அளிப்பதென்றால் எவரும் தம் உண்மைச் செலவைக் கூறார். இறுதி விலையை ஊகித்து, அதனையொட்டியே கேட்பர். ஊகம் தவறினால் செலவு குறைந்த நிலையம் ஓய்ந்திருக்க, செலவு மிகுந்த நிலையம் இயங்கும். ஒரே விலை முறையிலோ, போட்டியாளர் பலராக உள்ளவரை, உண்மைச் செலவைக் கூறுவதே விற்பவருக்கு நன்மை. கூட்டிக் கூறினால் விற்கும் வாய்ப்பையே இழக்க நேரிடும்.

ஆயினும், பல நிலையங்களை உடைய ஒருவர் அவற்றுள் ஒன்றை நிறுத்திவைத்து, மற்றவற்றிற்குக் கிடைக்கும் விலையை உயர்த்திவிட இயலும். தட்டுப்பாட்டுக் காலத்தில் இவ்வபாயம் பெரிது. 2022-இல் விலை மிக உயர்ந்தபோது, யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேற்படலாகாது என மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வரம்பு விதித்தது.

மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பித் தொடர்களும் போதிய அளவில் இருத்தல் வேண்டும். அவை போதாதிருந்த காலத்தில் தென்னிந்தியாவில் ஏல விலை பலமுறை பிற பகுதிகளைவிட உயர்ந்து நின்றது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தொடரின் வழியாகவே தென்னகம் ஏனைய பகுதிகளுடன் ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது.

நல்ல விதிகளோடு கண்காணிப்பும் கம்பித் தொடரும் சேர்ந்தால்தான் ஏலத்தின் பயன் நுகர்வோரைச் சென்றடையும்.